குல்மார்க் பனி முன்னறிவிப்பை எப்படிப் படிக்கணும்? சேலத்துல இருந்து பிப்ரவரியில போறோம்

அஸ்தம்பட்டி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலத்துல இருந்து ஆறு பேர் பிப்ரவரி இரண்டாவது வாரம் காஷ்மீர்ல இருக்கிற குல்மார்க் போறோம். நாலு நாள் ஆரம்பநிலை ஸ்கீ பயிற்சி, அதுக்கப்புறம் ஒரு நாள் கோண்டோலாவுல (கம்பி வண்டி) மேல இருக்கிற அஃபர்வத் மலை வரைக்கும் போறதா திட்டம். நாங்க யாரும் இதுவரைக்கும் பனியில கால் வச்சதில்லை.

ஒரு மாசமா முன்னறிவிப்பு பார்த்துப் பழகலாம்னு உக்காந்தா தலை சுத்துது. போன்ல இருக்கிற ஆப் "குல்மார்க், மைனஸ் 4, பனி 40%"னு சொல்லுது. ஒரு ஸ்கீ தளம் அதே புதன்கிழமைக்கு 12 செ.மீ. பனி போடுது, இன்னொண்ணு 35 செ.மீ. போடுது. கீழ 60, மேல 190னு ஒரு கணக்கு இருக்கு, அது இன்னிக்கு விழுந்ததா மொத்தமா தெரியல. "ஃப்ரீசிங் லெவல் 2,900 மீ." அப்படின்னா நல்லதா கெட்டதா? இதுல எதைப் பாக்கணும், எதை விடணும், எத்தனை நாள் முன்னாடி நம்பலாம்? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் அக்காமார் சொன்னா உதவியா இருக்கும்.

---

கொண்டைஊசி20

தம்பி, முதல்ல உயரத்தைப் பிடிச்சுக்குங்க. மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வரும்.

சேலம் கடல்மட்டத்துல இருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். இடையில 1,200 மீட்டருக்கு மேல வித்தியாசம். காத்து மேல ஏற ஏற 1,000 மீட்டருக்கு சராசரியா 6.5 டிகிரி குறையும். அதனாலதான் சேலத்துல 36 அடிக்கிற மத்தியானம் ஏற்காட்டுல 28 இருக்கு. அடிவாரத்துல நிக்கிறவர்கிட்ட "ஏற்காடு ரோட்டுல எத்தனை டிகிரி"ன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவார்? எந்த வளைவுலன்னு திருப்பிக் கேப்பார். குல்மார்க்கும் அதேதான். பனிக்கிண்ணம் மாதிரி இருக்கிற ஊர் 2,650 மீட்டர். கோண்டோலா முதல் கட்டம் முடியிற கொங்டூரி சுமார் 3,080. இரண்டாம் கட்டம் இறக்கி விடற இடம் 3,950 பக்கம். ஊருக்கும் மேல் நிலையத்துக்கும் நடுவுல 1,300 மீட்டர், அதாவது நம்ம மலைப்பாதை இருபது வளைவையும் ஏறி இன்னும் கொஞ்சம் மேல. ஊர்ல மைனஸ் 2 இருந்தா மேல மைனஸ் 10. உங்க ஆப் ஒரே ஒரு எண் காட்டுதுன்னா, அது எந்த உயரத்துக்குன்னு தெரியாத வரைக்கும் அந்த எண்ணால பிரயோஜனம் இல்ல.

இதைவிட மோசம், சில ஆப் "குல்மார்க்"னு போட்டா ஸ்ரீநகர் நிலைய அளவைக் காட்டும். ஸ்ரீநகர் 1,600 மீட்டர்கூட இல்ல. அதனால கீழ், நடு, மேல்னு மூணு உயரத்துக்குத் தனித்தனியா போடற தளத்தை மட்டும் பாருங்க. விண்டி மாதிரி ஆப்ல வரைபடத்துல சரியா கோண்டோலா மேல் நிலையத்துல விரல் வச்சு, அது எந்த உயரத்தை எடுத்துக்கிட்டிருக்குன்னு கீழ பாக்கணும்.

இப்ப ஃப்ரீசிங் லெவல். காத்து 0 டிகிரியைத் தொடுற உயரம் அது. அதுக்கு மேல பனி, கீழ மழைன்னு கோடு போட்ட மாதிரி இருக்காது. விழற பனித்துகள் கரைய கொஞ்ச தூரம் ஆகும், அதனால பனி எல்லை பெரும்பாலும் அந்த உயரத்துக்கு 200, 300 மீட்டர் கீழயே இருக்கும். கனமா கொட்டும்போது இன்னும் இறங்கும், ஏன்னா கரையற பனி சுத்தியிருக்கிற காத்தோட சூட்டை உறிஞ்சிடும்.

நீங்க கேட்ட 2,900ஐ இதுல வச்சுப் பாருங்க. பனி எல்லை 2,600, 2,700 பக்கம் வரும். குல்மார்க் ஊர் அந்த எல்லை மேலயே உக்காந்திருக்கு. ஈரப்பனி, நடுவுல தூறல், தரையில சேறு. கொங்டூரியில கனமான பனி. மேல நிலையத்துல நல்ல காய்ஞ்ச பனி. நீங்க நாலு நாளும் கத்துக்கப் போறது ஊர்ல இருக்கிற சரிவுலங்கறதால உங்களுக்கு 2,900 நல்ல செய்தி இல்ல. 2,200க்குக் கீழ போனா சந்தோஷப்படலாம். 3,200ன்னா ஊர்ல மழைதான். பனி மேல மழை பெய்ஞ்சு ராத்திரி உறைஞ்சா மறுநாள் காலையில தரை கண்ணாடி மாதிரி இருக்கும், புதுசா கத்துக்கிறவங்களுக்கு அதைவிடக் கெட்ட தரை கிடையாது.

ஒண்ணு மட்டும் கவனிங்க: வானம் தெளிஞ்ச ராத்திரியில இந்த 6.5 கணக்கு தலைகீழாகும். குளிர்ந்த காத்து கனமானது, பள்ளத்துல போய்த் தேங்கும். அப்ப குல்மார்க் கிண்ணத்துக்குள்ள கொங்டூரியைவிடக் குளிரா இருக்கலாம். ஸ்ரீநகர் மூடுபனியில மூழ்கிக் கிடக்கும்போது குல்மார்க்ல வெயில் அடிக்கிறதும் இதனாலதான்.

---

மலைக்காற்று

கொண்டைஊசி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 12, 35 என்று இரண்டு எண் வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

முன்னறிவிப்பு மாதிரிகள் (வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்குகள்) முதலில் கணக்கிடுவது தண்ணீரைத்தான், மில்லிமீட்டரில். அதைப் பனியாக மாற்றுவது தனிக் கணக்கு. பொது விதி 1 மி.மீ. தண்ணீருக்கு 1 செ.மீ. பனி. ஆனால் 0 டிகிரிக்கு அருகில் விழும் ஈரப்பனி அந்த அளவுக்கு உப்பாது. 1 மி.மீ.க்கு அரை செ.மீ. முதல் முக்கால் செ.மீ. வரைதான் கிடைக்கும். மைனஸ் 10 பக்கம் விழும் உலர்பனி 1 மி.மீ.க்கு ஒன்றரை செ.மீ., சில சமயம் 2 செ.மீ.கூட எழும். 20 மி.மீ. தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் 12 செ.மீ., மேல் நிலையத்தில் 30 செ.மீ. இரண்டு தளமும் ஒரே தண்ணீரைச் சொல்லி, ஒன்று ஊருக்கும் மற்றொன்று உச்சிக்கும் போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆகவே செ.மீ.யை விட்டுவிட்டு இரண்டிலும் மி.மீ. என்ன என்று பாருங்கள். அது ஒத்துப்போனால் முன்னறிவிப்பு ஒத்துப்போகிறது என்று பொருள். அதுவும் வேறுபட்டால்தான் உண்மையான கருத்து வேறுபாடு.

அடுத்தது கட்டம். ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரி சுமார் 9 கி.மீ. கட்டங்களாகப் பூமியைப் பிரிக்கிறது, அமெரிக்க ஜி.எஃப்.எஸ். சுமார் 13 கி.மீ. நம் வானிலைத் துறை 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கி.மீ. ஒரு கட்டத்துக்கு ஒரே உயரம். சேர்வராயன் மலை முழுவதும் ஒரு சில கட்டங்களில் அடங்கிவிடும் என்றால், சேர்வராயன் கோயில் உச்சியும் கீழே இருக்கும் பள்ளமும் அதற்கு ஒன்றுதான். குல்மார்க் இருக்கும் பீர் பஞ்சால் மலைத்தொடரிலும் அப்படியே உச்சிகளை மழுக்கித்தான் மாதிரி பார்க்கிறது. அதனால் உச்சியின் பனியைப் பெரும்பாலும் குறைத்துச் சொல்லும், உச்சியின் காற்றையும் குறைத்துச் சொல்லும். இரண்டாவதுதான் ஆபத்தானது.

"40%" என்பது நாளில் 40 பங்கு நேரம் பனி விழும் என்றோ, ஊரில் 40 பங்கு இடத்தில் விழும் என்றோ அல்ல. அந்த இடத்தில் அந்த நேரத்துக்குள் அளக்கத்தக்க அளவு விழ பத்தில் நான்கு வாய்ப்பு, அவ்வளவுதான். எவ்வளவு விழும் என்பது அதில் இல்லை. நம் வானிலை மையத்தின் "ஓரிரு இடங்களில்" என்ற சொல் வேறு கணக்கு: அந்தப் பகுதியின் நிலையங்களில் 25% வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் 75%க்கு மேல். காஷ்மீர் அறிக்கையிலும் இதே அளவுகோல்தான். அதில் "பெரும்பாலான இடங்களில் மழை அல்லது பனி" என்று வந்தால் பெரிய அமைப்பு வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் முன்பு நம்பலாம்? நமக்கு வங்கக்கடல் தாழ்வுநிலை எப்படியோ, அவர்களுக்கு மேற்கத்திய இடையூறு அப்படி. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வருகிறது. ஐந்தாறு நாள் முன்பே வரைபடத்தில் அது தெரியும். "ஏதோ வருகிறது" என்பதை ஒரு வாரம் முன்பு நம்பலாம், "எந்த நாள்" என்பதை நான்கு நாள் முன்பு, "எவ்வளவு" என்பதை இரண்டு நாள் முன்பு. பத்து நாளுக்கு அப்பால் காட்டும் செ.மீ. எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒரு காகிதத்தில் மி.மீ.யையும் ஃப்ரீசிங் லெவலையும் குறித்து வாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து எண் அசையாமல் நின்றால் நம்பிக்கை கூடும். 10, 40, 5 என்று குதித்தால் மாதிரிக்கே இன்னும் பிடிபடவில்லை.

நேரத்தில் ஏமாறாதீர்கள். வரைபடங்களில் Z என்ற எழுத்துப் போட்ட நேரத்துடன் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். வானிலைத் துறையின் 24 மணிக் கணக்கு காலை 8.30க்கு முடிகிறது. நம் தினசரிகளில் வரும் "ஏற்காடு இத்தனை மி.மீ." கணக்கும் அதே 8.30தான். ஆகவே "புதன்கிழமை அளவு" என்பதில் பெரும்பகுதி செவ்வாய் இரவு விழுந்ததாக இருக்கலாம்.

---

அஸ்தம்பட்டி

ரொம்ப நன்றிங்க. மி.மீ. பாத்தேன், ரெண்டு தளத்துலயும் 18, 21னு கிட்டக்கிட்டதான் இருக்கு. கோண்டோலா டிக்கெட்டை எந்த நாளுக்குப் போடறதுன்னு சொல்லுங்க. பனி கொட்டற நாள் மேல போனா நல்லாயிருக்கும்னு பசங்க சொல்றாங்க.

---

அம்மாப்பேட்டை

பனி கொட்டற நாள் மேல போகாதீங்க தம்பி. போனாலும் ஒண்ணும் தெரியாது.

ஏற்காட்டுல மேகம் இறங்கி லேடீஸ் சீட்ல நின்னா சேலம் தெரியாம போகும் இல்லையா, அது மூடுபனின்னு சொன்னாலும் உண்மையில மேகத்துக்குள்ள நிக்கிறீங்க. அஃபர்வத் சரிவும் அப்படித்தான் மேகத்துக்குள்ள போயிடும். நம்ம ஊர்ல கீழ ரோடு கறுப்பாத் தெரியும், மரம் தெரியும். அங்க தரை வெள்ளை, வானம் வெள்ளை, மரம் வளர்ற உயரத்தைத் தாண்டிட்டா கண்ணுக்குப் பிடிச்சுக்க எதுவும் இல்ல. சரிவு ஏறுதா இறங்குதான்னு கண்ணுக்கே தெரியாது, நின்ன இடத்துலயே தடுமாறி விழறவங்க உண்டு. அதனால முன்னறிவிப்புல மேகம்னு ஒரே எண்ணைப் பாக்காம தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம்னு பிரிச்சுப் பாருங்க. உயர்மேகம் 100% இருந்தாலும் கவலை இல்ல. நடுமேகம் 60, 70னு இருந்தா 3,900 மீட்டர்ல காட்சி கிடைக்காது.

அடுத்தது காத்து. இரண்டாம் கட்டம் நிக்கிறதுக்குக் காரணம் பல நாள் பனி இல்ல, காத்துதான். விண்டியில உயரத்தைக் காத்தழுத்தக் கணக்குல (hPa) காட்டும்: 700ன்னு வச்சா சுமார் 3,000 மீட்டர், 600ன்னு வச்சா சுமார் 4,200. மேல் நிலையம் இந்த ரெண்டுக்கும் நடுவுல வருது, ரெண்டையும் பாருங்க. சராசரி காத்தை விட்டுட்டு வீச்சு, அதாவது திடீர்னு வேகமா அடிக்கிற காத்து, எவ்வளவுன்னு பாக்கணும். மேல 50 கி.மீ.க்கு மேல வீச்சு போட்டிருந்தா அன்னிக்கு இரண்டாம் கட்டம் நடக்கும்னு நம்பித் திட்டம் போடாதீங்க. டிக்கெட் எடுக்கும்போதே நிறுத்தினா பணம் எப்படித் திரும்ப வரும்ங்கற விதியைப் படிச்சுக்குங்க.

உடம்புக்கும் அதே கணக்கு. மைனஸ் 10ல 30 கி.மீ. காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. கையுறையைக் கழட்டிப் படம் எடுக்கிற ரெண்டு நிமிஷத்துல விரல் மரத்துப் போயிடும். கையுறை ரெண்டு ஜோடி வேணும், நனைஞ்ச கையுறை கையுறையே இல்ல.

ரோடு. டங்மார்க்ல இருந்து குல்மார்க் ஏற 13 கி.மீ. பனி விழுந்தா சங்கிலி மாட்டின வண்டியும் நாலு சக்கர இயக்க வண்டியும் மட்டும்தான் மேல விடுவாங்க. ஸ்ரீநகர்ல இருந்து சாதா கார் பேசினீங்கன்னா டங்மார்க்ல இறங்கி வண்டி மாத்த வேண்டியிருக்கும், அதுக்கு நேரமும் பணமும் ஒதுக்கி வைங்க. விமானமும் அப்படித்தான், பனி கொட்டற நாள்ல ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகிறது வழக்கம். திரும்பற அன்னிக்கே டெல்லியில இருந்து சேலத்துக்கு ரயில் போடாதீங்க, நடுவுல ஒரு நாள் விடுங்க. நம்ம சேலம் வழியா போற அதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகுது, ஆனா பனிஹால், ராம்பன் பக்கம் மழை பனி வந்தா மண்சரிவுல அடைச்சுக்கும். அதை மாத்து வழின்னு நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொண்ணு, வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது. ஆறு பேர்ல ரெண்டு பேர்கிட்டயாவது போஸ்ட்பெய்டு இருக்கணும், இல்லன்னா இங்க கத்துக்கிட்ட முன்னறிவிப்பை அங்க பாக்கவே முடியாது.

---

வெள்ளிமேகம்

கீழ 60, மேல 190ங்கறது தரையில படிஞ்சு கிடக்கிற மொத்த ஆழம், அன்னிக்கு விழுந்தது இல்ல. 24 மணிப் புதுப்பனின்னு தனியா ஒரு கட்டம் இருக்கும். "இந்த சீசன் மொத்தம்"னு மூணாவது எண் ஒண்ணும் போடுவாங்க, பாக்கப் பெரிசா இருக்கும், உங்களுக்கு உதவாது. விழுந்த பனி தன் எடையிலயே அமிழும், காத்து வாரிக்கிட்டுப் போகும். 30 செ.மீ. விழுந்தும் ஆழம் 20தான் கூடியிருக்குன்னா யாரும் பொய் சொல்லல.

குல்மார்க் ஊர்ல ஆரம்பநிலைச் சரிவு கோடையில புல்வெளி, கோல்ஃப் மைதானம். தரை மழமழன்னு இருக்கிறதால மிதிச்சு இறுக்கின 30, 40 செ.மீ. போதும். மேல பாறை. அங்க ஒரு மீட்டருக்குக் குறைவா இருந்தா ஸ்கீ அடியில கல் தட்டும். ஆழத்தைவிட, அது என்ன பனிங்கறதுதான் பயிற்சிக்கு முக்கியம். புதுசா விழுந்து மிதிபட்ட பனியில திரும்பறது சுலபம். வெயில்ல உருகி ராத்திரி உறைஞ்ச பனியில காலை ஒன்பது மணிக்கு ஸ்கீயோட விளிம்பு பிடிக்காது, பத்தரை, பதினொண்ணுக்கு இளகி நல்லா வரும், மூணு மணிக்குக் கூழா ஆயிடும். அதனால முன்னறிவிப்புல பகல் உச்ச வெப்பத்தோட ராத்திரி குறைந்த வெப்பத்தையும் பாருங்க. பகல் பிளஸ் 5, ராத்திரி மைனஸ் 6னு வந்தா அன்னிக்குப் பயிற்சியைப் பதினோரு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லிப் பயிற்சியாளர்கிட்ட கேளுங்க. வடக்குப் பார்த்த சரிவுல பனி நாள் கணக்கா காய்ஞ்சே இருக்கும், தெற்குப் பார்த்தது ஒரே வெயில்ல கெட்டுப்போகும்.

இப்ப உண்மையிலயே கவலைப்பட வேண்டிய விஷயம். மேல அம்மாப்பேட்டை சொன்னது தெளிஞ்ச நாள் போங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு. பாக்கறதுக்கு மட்டும் போறவங்களுக்கு அது சரி. ஆனா பெரிய பனிக்கு அடுத்த தெளிஞ்ச நாள்தான் பனிச்சரிவுக்கு மோசமான நாள். 2023 பிப்ரவரி 1ல அஃபர்வத்ல ரெண்டு போலந்து நாட்டவர் இறந்ததும், 2024 பிப்ரவரி 22ல ஒரு ரஷ்யர் இறந்ததும் கனத்த பனிப்பொழிவுக்கு அடுத்து வந்த நாட்கள்ல.

ஏன்னு சொல்றேன். நம்ம மொழியில எல்லாத்துக்கும் பனின்னு ஒரே சொல்தான்: மார்கழிப் பனி, ஊட்டி உறைபனி, இமயமலைப் பனி. ஆனா ஊட்டி தலைக்குந்தாவுல விடியகாலை புல் மேல வெள்ளையா இருக்கிறது மேகத்துல இருந்து விழுந்தது இல்ல. காத்து அசையாத, மேகம் இல்லாத ராத்திரியில காத்துல இருக்கிற ஈரம் அங்கயே படிகமா உறைஞ்சது. அதே உறைபனி குல்மார்க்ல பழைய பனி மேலயும் படியும், இறகு மாதிரி நிக்கும். அது மேல அரை மீட்டர் புதுப்பனி விழுந்தா, அடியில இறகு, மேல பலகை. 30ல இருந்து 45 டிகிரி சரிவுல ஒரு ஆள் எடை போதும், பலகை முழுசா நழுவும். காத்து வேற ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டுக்கு மறுபக்கம் குவிச்சா, அங்க அளவு ரெண்டு மடங்கா ஆகும். முன்னறிவிப்புல 30 செ.மீ.ன்னு இருந்தாலும் அந்தக் குழியில 60 இருக்கும்.

அதனால வானிலை அறிக்கையோட பனிச்சரிவு எச்சரிக்கையையும் தனியா பாக்கணும், ரெண்டும் வேற வேற. சண்டிகர்ல இருக்கிற டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் கணிக்குது, ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டவாரியா வெளியிடுது. அதுல குல்மார்க்னு தேடினா கிடைக்காது, பாராமுல்லா மாவட்டம்னு பாருங்க. "2,500 மீட்டருக்கு மேல நடுத்தர ஆபத்து"ங்கற மாதிரி வரும். ஊரே 2,650ல இருக்குங்கறதை நினைவுல வச்சுக்கிட்டுப் படிங்க. நடுத்தரம்னு வந்தாலே அங்க குறிச்சு விட்ட எல்லைக்கு வெளியில நீங்க ஒரு அடிகூட வைக்க வேண்டாம். மேல நிலையத்துல இறங்கி, படம் எடுத்து, அதே பெட்டியில இறங்கிடுங்க. வழிகாட்டி யாராவது "இந்தப் பக்கம் ஆளே இல்ல, பனி அருமையா இருக்கு"ன்னு கூப்பிட்டா, ஆள் இல்லாததுக்குக் காரணம் இருக்கு.

---

மலைக்காற்று

வெள்ளிமேகம் சொன்னது முழுக்கச் சரி, என் பதிலில் அதை விட்டது தவறு.

தேதி பற்றி ஒன்று. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் சில்லை கலான், அடுத்த இருபது நாள் சில்லை குர்த், பிறகு பத்து நாள் சில்லை பச்சா. நீங்கள் போவது நடுக்கட்டத்தில், வழக்கமாக நல்ல காலம். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் தரை பழுப்பாகவே கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. ஆகவே விடுதிக்கு முன்பணம் கட்டும்போது தேதி மாற்ற அனுமதி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

---

அஸ்தம்பட்டி

அப்ப இப்படிப் பண்றோம். கோண்டோலா நாளைக் கடைசியில வைக்காம பயிற்சிக்கு நடுவுல மாத்திக்கிற மாதிரி வச்சு, ரெண்டு நாள் முன்னாடி மி.மீ., ஃப்ரீசிங் லெவல், 600 உயரக் காத்து, நடுமேகம், பாராமுல்லா எச்சரிக்கை இந்த அஞ்சையும் பாத்து முடிவு பண்றோம். பயிற்சி ஊர்லயேங்கறதால பனி கொட்டற நாள்லயும் அது நடக்கும்தானேங்க?

---

அம்மாப்பேட்டை

நடக்கும் தம்பி. ஊர்ச்சரிவுல காத்து குறைவு, மரம் சுத்தி இருக்கு, லேசான பனியில கத்துக்கிறது நல்லதுதான். ஆனா கறுப்பு வெயில் கண்ணாடியை மட்டும் நம்பி எடுத்துட்டுப் போகாதீங்க, பனி விழும்போது நிழலே இருக்காது. மஞ்சளோ ஆரஞ்சோ லென்ஸ் போட்ட ஸ்கீ கண்ணாடி வாடகைக்குக் கேளுங்க, மேடு பள்ளம் கொஞ்சமாவது தெரியும். அப்புறம் கோண்டோலா நாளை முதல் நாள் மட்டும் வைக்காதீங்க. 280 மீட்டர்ல இருந்து கிளம்பின உடம்பு, 3,950க்குப் போறதுக்கு முன்னாடி ஊர்ல ரெண்டு ராத்திரியாவது தூங்கியிருக்கணும்.